பைத்தானில் ஒரு பிழையா? நீங்களே திருத்தலாம்

பைத்தானில் நிரல் எழுதுகிறீர்கள். ஒருநாள் அதன் ஆவணத்தில் ஓர் எடுத்துக்காட்டு தப்பாக இருப்பது கண்ணில் படுகிறது. அல்லது உள்ளே வரும் ஏதோ ஒரு ஃபங்ஷன், வெறும் பட்டியலைக் கொடுத்தால் சொன்னபடி நடந்துகொள்வதில்லை. யாராவது சரிசெய்வார்கள் என்று விட்டுவிடுவோம். அந்த யாராவது நீங்களாகவும் இருக்கலாம். அதற்குக் கணினியில் என்னென்ன வேண்டும், திருத்தத்தை எந்த முறையில் அனுப்ப வேண்டும் என்பதைப் பார்ப்போம்.

நாம் வழக்கமாக இறக்கி நிறுவும் பைத்தானுக்கு 'சிபைத்தான்' என்று பெயர். சி மொழியிலும் பைத்தானிலும் எழுதப்பட்டது. அதன் மூல நிரல் முழுவதும் கிட்ஹப்பில் திறந்தே கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம், தன் கணினியில் ஓட்டலாம்.

அப்படியானால் யார் வேண்டுமானாலும் மாற்றிவிட முடியுமா? முடியாது. மாற்றத்தை யாரும் முன்வைக்கலாம். அதைச் சேர்க்கும் உரிமை கோர் டெவலப்பர்களுக்கு (திட்டத்தில் நேரடியாக எழுத அனுமதி பெற்றவர்கள்) மட்டும்தான். அவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். சம்பள வேலையை முடித்துவிட்டு, கிடைக்கும் நேரத்தில் வந்து பார்ப்பவர்கள். திறந்தபடி காத்திருக்கும் கோரிக்கைகளோ ஆயிரத்துக்கும் மேல். இனி வரும் விதிகளில் சில உங்களுக்குத் தொல்லையாகத் தோன்றலாம். அநேகமாக எல்லாமே பார்ப்பவரின் நேரத்தை மிச்சப்படுத்த வந்தவை. அதை மனதில் வைத்துக்கொண்டால் எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

எனக்கு சி மொழி தெரியாதே? பரவாயில்லை. 'லிப்' என்ற ஃபோல்டரில் இருப்பது பெரும்பாலும் பைத்தான் நிரல். ஜேசான், தேதி, கோப்புப் பாதை தொடர்பாக நீங்கள் தினமும் இம்போர்ட் செய்பவை அங்கேதான் இருக்கின்றன. 'டாக்' ஃபோல்டரில் ஆவணங்கள். 'ஆப்ஜெக்ட்ஸ்', 'மாட்யூல்ஸ்', 'பைத்தான்' ஆகிய ஃபோல்டர்களுக்குள் போனால்தான் சி தேவைப்படும். முதல் திருத்தத்துக்கு ஆவணத்தையோ, விடுபட்ட ஒரு டெஸ்ட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை. மாற்றம் சிறியது என்பதால் நடைமுறையைக் கற்பதில் முழுக் கவனமும் போகும்.

ஆங்கிலம் தடையாக இருக்குமா? விவாதம் எல்லாம் ஆங்கிலத்தில்தான் நடக்கும். ஆனால் உலகின் எல்லா மூலையிலிருந்தும் எழுதுகிறார்கள். என்ன செய்தீர்கள், என்ன எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது என்று மூன்று எளிய வாக்கியங்கள் எழுதத் தெரிந்தால் போதும்.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. இணையத்தில் தேடினால் பழைய வழிகாட்டிகள் நிறையக் கிடைக்கும். அவற்றில் மெர்க்குரியல் என்ற கருவியைப் பற்றியோ, 'பிபிஓ' என்று தொடங்கும் எண்களைப் பற்றியோ இருந்தால் மூடிவிடுங்கள். நிரல் 2017 பிப்ரவரியில் கிட்ஹப்புக்கு வந்துவிட்டது. பிழைப் பதிவுகளும் 2022 ஏப்ரலில் அங்கேயே வந்து சேர்ந்தன. இப்போதைய நடைமுறை 'டெவ்கைடு' என்ற அதிகாரப்பூர்வ வழிகாட்டியில் இருக்கிறது. இங்கே நான் தமிழ் எழுத்தில் சொல்லும் கட்டளைகளை எழுத்துக்கு எழுத்து அங்கிருந்து நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, கணினிக்கு வருவோம். முதலில் கிட் (நிரலில் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமிக்கும் கருவி) வேண்டும். கிட்ஹப்பில் ஒரு கணக்கும் வேண்டும். கிட்டை நிறுவியதும் உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் அதில் பதிவு செய்யுங்கள். கிட்ஹப் கணக்கில் உள்ள அதே மின்னஞ்சலைக் கொடுங்கள். அலுவலக மடிக்கணினியில் அலுவலக முகவரி ஏற்கெனவே பதிந்திருக்கலாம், கவனியுங்கள். பின்னால் ஒப்பந்தம் பற்றிப் பேசும்போது இதன் காரணம் புரியும்.

அடுத்து, சிபைத்தான் பக்கத்தில் உள்ள 'ஃபோர்க்' பொத்தானை அழுத்துங்கள். உங்கள் கணக்கில் ஒரு தனி நகல் உருவாகும். அந்த நகலைக் 'கிட் குளோன்' கட்டளையால் கணினிக்கு இறக்குங்கள். பல்லாண்டு வரலாறும் சேர்ந்து வருவதால் சில நூறு எம்பி ஆகும். கைபேசி டேட்டாவில் இணைந்திருந்தால் மீதம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஒரே நிரலுக்கு இப்போது மூன்று இடமா? ஆமாம். மூலத் திட்டம் ஒன்று, கிட்ஹப்பில் உங்கள் ஃபோர்க் ஒன்று, கணினியில் இருப்பது ஒன்று. மூலத் திட்டத்தில் தினமும் மாற்றங்கள் வந்துகொண்டே இருக்கும். அவை உங்கள் நகலுக்குத் தாமாக வராது. அதனால் மூலத் திட்டத்தின் முகவரியை 'அப்ஸ்ட்ரீம்' என்ற பெயரில் கிட்டிடம் ஒருமுறை சொல்லி வைக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வேலையைத் தொடங்கும்போதும் அங்கிருந்து புதியதை இழுத்துக்கொள்ளலாம். இதைச் செய்யாதவர்கள் இரண்டு மாதம் பழைய நிரலில் உட்கார்ந்து, ஏற்கெனவே தீர்ந்துபோன பிழையைத் திருத்திக்கொண்டிருப்பார்கள்.

நிரல் வந்துவிட்டது. இனி அதை ஓடும் பைத்தானாக மாற்ற வேண்டும். ஆவணத்தை மட்டும் திருத்துபவருக்கு இந்தப் படி தேவையில்லை, அவர் சில பத்திகள் தாண்டிப் போகலாம். மற்றவர்களுக்குக் கம்பைலர் (சி நிரலை இயந்திரம் ஓட்டும் வடிவத்துக்கு மாற்றும் கருவி) தேவை.

உபுண்டு போன்ற லினக்ஸில் ஜிசிசி கம்பைலரோடு எஸ்எஸ்எல், எஃப்எஃப்ஐ, ஜீலிப் ஆகியவற்றின் 'டெவ்' பேக்கேஜ்களையும் நிறுவுங்கள். பிறகு நிரல் ஃபோல்டருக்குள் போய் 'கன்ஃபிகர்' கட்டளையை 'வித்-பைடிபக்' என்ற தேர்வோடு ஓட்டுங்கள். அது உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று தேடிக் குறித்துக்கொள்ளும். அடுத்து 'மேக்' கட்டளை, பைத்தானைக் கட்டுவது அதுதான். ஓரளவு புதிய மடிக்கணினியில் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மேக் ஓடி முடிந்ததும் கடைசியில் வரும் வரிகளைக் கட்டாயம் படியுங்கள். ஏதாவது ஒரு 'டெவ்' பேக்கேஜ் இல்லாவிட்டால் பில்டு நின்றுவிடாது. தேவையான துண்டுகள் கிடைக்கவில்லை என்று சில மாட்யூல்களின் பெயரைச் சொல்லிவிட்டு, வெற்றிகரமாக முடிந்ததுபோலவே முடியும். எஸ்எஸ்எல் விடுபட்டால் பிப் இணையத்தைத் தொடவே முடியாது. எஃப்எஃப்ஐ விடுபட்டால் சிடைப்ஸ் இருக்காது. விடுபட்டதை நிறுவிவிட்டு, கன்ஃபிகரிலிருந்து மறுபடி ஓட்ட வேண்டும். வெறும் மேக் போதாது.

'பைடிபக்' எதற்கு? சாதாரணப் பைத்தான் கண்டுகொள்ளாமல் விடும் உள்தவறுகளை, இப்படிக் கட்டிய பைத்தான் அந்த இடத்திலேயே நின்று காட்டிக்கொடுக்கும். வேகம் குறைவுதான். அதனால் இதில் வேகத்தை அளந்து பார்த்து முடிவு சொல்லாதீர்கள்.

விண்டோஸில் வழி வேறு. விஷுவல் ஸ்டுடியோவின் இலவசப் பதிப்பை நிறுவும்போது பைத்தான் டெவலப்மென்ட் பிரிவைத் தேர்ந்தெடுத்து, அதற்குள் இருக்கும் 'நேட்டிவ்' கருவிகளையும் டிக் செய்யுங்கள். அந்த இரண்டாவது டிக்கைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். சில ஜிபி இடம் பிடிக்கும். பிறகு 'பிசிபில்டு' ஃபோல்டரில் உள்ள பில்டு.பேட் கோப்பை டிபக் தேர்வோடு ஓட்டினால், தேவையான துணை நூலகங்களை அதுவே இறக்கிக்கொள்ளும். ஓட்டிப் பார்க்க, மேல் ஃபோல்டரில் பைத்தான்.பேட் என்று ஒரு கோப்பு வந்திருக்கும்.

ஆப்பிளின் மேக் கணினியில் ஒரு வேடிக்கை உண்டு. அங்கே கட்டி முடித்த பைத்தானின் பெயர் பைத்தான்.எக்ஸி. ஆப்பிள் கணினியில் எக்ஸி எங்கே வந்தது என்று திகைக்க வேண்டாம். அதன் கோப்பமைப்பு வழக்கமாகப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்க்காது. 'பைத்தான்' என்று ஒரு ஃபோல்டர் ஏற்கெனவே இருப்பதால் அதே பெயரில் ஒரு கோப்பை அங்கே வைக்க முடியவில்லை. அதற்காகச் சேர்த்த வால்தான் அது.

கட்டிய பைத்தானை நிறுவ வேண்டுமா? வேண்டாம். 'மேக் இன்ஸ்டால்' பக்கமே போகாதீர்கள். உங்கள் மற்ற வேலைகளுக்கான பைத்தானோடு இது கலந்துவிடக் கூடாது. கட்டிய இடத்திலிருந்தே ஓடும். ஆனால் வெறுமனே 'பைத்தான்' என்று தட்டினால் ஓடுவது கணினியில் முன்பே இருந்த பைத்தான். முன்னால் புள்ளியும் சாய்கோடும் போட்டு, இந்த ஃபோல்டரில் உள்ளதை ஓட்டு என்று சொல்ல வேண்டும். திருத்தினேன், ஆனால் ஒன்றுமே மாறவில்லை என்று புதியவர்கள் தவிப்பதற்கு முதலில் இங்கேதான் காரணத்தைத் தேட வேண்டும். சந்தேகம் வந்தால் தொடக்கத்தில் அது காட்டும் பதிப்பு எண்ணைப் பாருங்கள். நீங்கள் கட்டியது என்றால் எண்ணின் முடிவில் ஒரு கூட்டல் குறி இருக்கும்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி கட்ட வேண்டுமா? 'லிப்' ஃபோல்டரில் பைத்தான் கோப்பை மாற்றினால் தேவையில்லை, சேமித்துவிட்டு ஓட்டினால் போதும். சி கோப்பை மாற்றினால் மட்டும் மேக். மாறிய கோப்புகளை மட்டுமே அது எடுத்துக்கொள்வதால் முதல் தடவை ஆன நேரம் ஆகாது.

கணினி பழையது, அல்லது கல்லூரி ஆய்வகத்தில் எதையும் நிறுவ விடமாட்டார்கள் என்றால்? கிட்ஹப்பின் கோட்ஸ்பேசஸ் வசதி இருக்கிறது. உலாவியிலேயே ஒரு லினக்ஸ் கணினி திறக்கும். சிபைத்தானைக் கட்டத் தேவையானவை அதில் முன்பே வைக்கப்பட்டிருக்கும். தனிநபர் கணக்குக்கு மாதந்தோறும் ஓரளவு நேரம் இலவசம். முடித்ததும் நிறுத்திவிட மறக்காதீர்கள், ஓடிக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் அந்தக் கணக்கில் கழியும்.

இனி டெஸ்ட். எதையும் மாற்றும் முன்பே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். ஏன்? இப்போதே எது தோற்கிறது என்று தெரிந்தால்தான் பின்னால் தோற்பது உங்களாலா இல்லையா என்று சொல்ல முடியும். முழுவதையும் ஓட்டினால் நேரம் பிடிக்கும். ஜேசானைத் தொடப் போகிறீர்கள் என்றால் 'டெஸ்ட்_ஜேசான்' என்று அதன் பெயரை மட்டும் கொடுத்து ஓட்டலாம். பிழையைத் திருத்துவதற்கு முன்னால், அந்தப் பிழையைக் காட்டித் தோற்கும் ஒரு டெஸ்ட்டை எழுதுங்கள். பிறகு நிரலைத் திருத்துங்கள். தோற்றது இப்போது தேறினால் பார்ப்பவரிடம் நீளமாக வாதாட வேண்டிய தேவை பாதி குறைந்துவிடும்.

ஆவணத்துக்கு வந்தவர்கள் 'டாக்' ஃபோல்டருக்குப் போய் முதலில் 'மேக் வென்வ்', பிறகு 'மேக் ஹெச்டிஎம்எல்' ஓட்டினால் போதும். ஸ்பிங்ஸ் என்ற கருவி பக்கங்களை உருவாக்கும், உலாவியில் திறந்து பார்க்கலாம். இங்கே மார்க்டவுன் பழக்கம் காலை வாரும். நிரல் சொல்லைக் காட்ட மார்க்டவுனில் இருபுறமும் ஒற்றைப் பின்மேற்கோள் போடுவோம். இங்கே இரட்டை. ஒற்றை போட்டால் பிழைச் செய்தி வராமல் எழுத்து மட்டும் வேறு மாதிரி தெரியும், எளிதில் கண்ணில் படாது.

கருவிகள் தயார். முறைகளைப் பார்ப்போம்.

'மெயின்' பிராஞ்ச்சில் (திட்டத்தின் முதன்மை வரிசை) நேரடியாக வேலை செய்யாதீர்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனி பிராஞ்ச் திறங்கள். மெயின் சுத்தமாக இருந்தால் அப்ஸ்ட்ரீமிலிருந்து புதியதை இழுப்பதில் சிக்கலே வராது. இரண்டு திருத்தங்கள் ஒரே நேரத்தில் நடந்தாலும் ஒன்று மற்றொன்றில் கலக்காது.

திருத்தத்துக்கு முன் பிழையைப் பதிய வேண்டுமா? எழுத்துப்பிழை போன்ற சின்னத் திருத்தம் என்றால் வேண்டாம். மற்றபடி ஓர் இஷ்யூ (பிழை அல்லது யோசனை பற்றிய பதிவு) இருக்க வேண்டும். முதலில் தேடுங்கள். நீங்கள் கண்ட பிழையை வேறொருவர் பதிந்திருக்கலாம், திருத்தமே அனுப்பியிருக்கலாம். 'ஈஸி' என்று குறியிட்ட இஷ்யூக்கள் புதியவர்களுக்கு ஏற்றவை. அவற்றிலும் ஏற்கெனவே ஒருவர் திருத்தம் அனுப்பியிருந்தால் வேறொன்றை எடுங்கள், அல்லது அவர் அனுப்பியதை ஓட்டிப் பார்த்துக் கருத்துச் சொல்லுங்கள். அதற்கும் நல்ல மதிப்பு உண்டு.

மாற்றத்தை உங்கள் ஃபோர்க்குக்குத் தள்ளிய பிறகு புல் ரிக்வெஸ்ட் (என் மாற்றத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்ற கோரிக்கை) திறக்க வேண்டும். இஷ்யூ உள்ள திருத்தமானால் கோரிக்கையின் தலைப்பு 'ஜிஹெச்' எழுத்துகளோடும் இஷ்யூ எண்ணோடும் தொடங்க வேண்டும், பிறகு ஒரு வரி விளக்கம். எண் விடுபட்டால் பெடிவீர் என்ற தானியங்கி உடனே சிவப்புக் குறி போடும். மாண்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவிடமிருந்து இந்த மொழி பெயர் பெற்றது. தானியங்கிகளின் பெயர்களும் அந்தக் குழுவின் படத்திலிருந்து வந்தவைதான்.

முதல் கோரிக்கையிலேயே ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திடச் சொல்வார்கள். பயப்பட வேண்டுமா? வேண்டாம். உங்கள் நிரலின் உரிமை உங்களிடமே இருக்கும். அதைப் பயன்படுத்தவும் விநியோகிக்கவும் பைத்தான் சாஃப்ட்வேர் ஃபவுண்டேஷனுக்கு அனுமதி தருகிறீர்கள், அவ்வளவுதான். இணையத்திலேயே சில நிமிடங்களில் முடியும். முன்பு மின்னஞ்சலைக் கவனிக்கச் சொன்னது இதற்காகத்தான். கமிட்டில் (ஒரு மாற்றத்தைப் பெயரோடு பதிவு செய்வது) இருக்கும் மின்னஞ்சலைச் சரிபார்ப்புக் கருவி பார்க்கும். அது வேறு முகவரியாக இருந்தால் கையெழுத்திட்ட பிறகும் இன்னும் இல்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கும். வேலையில் இருப்பவர்கள் ஒன்று செய்யுங்கள். ஓய்வு நேரத்தில் எழுதும் நிரலும் நிறுவனத்துக்கே சொந்தம் என்று உங்கள் பணி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

அடுத்தது நியூஸ் குறிப்பு. பைத்தானின் ஒவ்வொரு பதிப்போடும் என்னென்ன மாறியது என்ற பட்டியல் வரும். உங்கள் திருத்தத்துக்கான வரியை நீங்களே எழுத வேண்டும். முன்பு எல்லோரும் ஒரே கோப்பில் எழுதினார்கள். ஒருவர் வரி சேர்ந்ததும் காத்திருக்கும் மற்றவர்களுடையது எல்லாம் மோதிக்கொள்ளும். அதைத் தீர்க்க லாரி ஹேஸ்டிங்ஸ் 'பிளர்ப்' என்ற கருவியை எழுதினார். இப்போது ஒவ்வொரு குறிப்பும் தனிக் கோப்பு. 'பிளர்ப் ஆட்' என்று ஓட்டினால் இஷ்யூ எண்ணையும் பிரிவையும் கேட்டுவிட்டு, கோப்பை உரிய ஃபோல்டரில் வைத்துவிடும். எப்படி எழுதுவது? 'பிழை திருத்தப்பட்டது' என்றால் யாருக்கும் பயனில்லை. இந்த ஃபங்ஷனுக்கு வெறும் பட்டியல் கொடுத்தால் நின்றுபோனது, இனி நிற்காது என்பதுபோலப் பைத்தானைப் பயன்படுத்துபவருக்குச் சொல்லுங்கள். ஆவணத்தை அல்லது டெஸ்ட்டை மட்டும் மாற்றினால் பொதுவாக இந்தக் குறிப்பு தேவைப்படாது.

நிரல் நடைக்கு விதி உண்டா? உண்டு. பைத்தான் நிரலுக்குப் பெப் 8, சி நிரலுக்குப் பெப் 7. இரண்டிலும் உள்தள்ளலுக்கு நான்கு இடைவெளி, டேப் கூடாது, வரி 79 எழுத்துக்குள். ஆனால் பழைய கோப்பைத் திறந்ததும் அதிலுள்ள எல்லா வரிகளையும் விதிப்படி அழகுபடுத்திவிடாதீர்கள். நடையை மட்டும் மாற்றும் திருத்தங்களைப் பொதுவாக ஏற்பதில்லை. உங்கள் இரண்டு வரித் திருத்தம் இருநூறு வரி அலங்காரத்துக்குள் புதைந்தால், பார்ப்பவர் பக்கத்தை மூடிவிட்டுப் போவார். எடிட்டர் சேமிக்கும்போதே தானாக ஒழுங்குபடுத்தும் வசதி உங்களிடம் இருந்தால், இந்த ஃபோல்டருக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

ஏஐ கருவியிடம் எழுதி வாங்கி அனுப்பலாமா? உதவிக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் அனுப்பும் ஒவ்வொரு வரிக்கும் பொறுப்பு உங்களுடையது, இது ஏன் இப்படி என்று கேட்டால் பதில் சொல்லத் தெரிய வேண்டும். முழுக்கக் கருவி எழுதிய, பயனற்ற கோரிக்கைகளை மூடிவிடக்கூடும் என்று டெவ்கைடிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அனுப்பியாயிற்று, யாரும் பார்க்கவில்லை. என்ன செய்வது? ஒரு மாதம் பொறுங்கள். பிறகு அதே இடத்தில் பணிவாக ஒரு நினைவூட்டல் போடலாம். வாரத்துக்கு ஒருமுறை 'அப்டேட் ப்ளீஸ்' என்று கேட்பது வேலையை விரைவுபடுத்தாது.

பார்த்தார்கள், மாற்றச் சொன்னார்கள் என்றால் மனம் தளராதீர்கள், அது நல்ல சகுனம். கேட்டதைச் செய்து புதிய கமிட்டாகச் சேர்த்துவிடுங்கள். வரலாற்றைத் திருத்தி எழுதிக் கட்டாயமாகத் தள்ளும் 'ஃபோர்ஸ் புஷ்' வேண்டாம். போன முறைக்குப் பிறகு எது மாறியது என்று பார்ப்பவருக்குத் தெரியாமல் போகும். கமிட்டுகள் பத்து ஆகிவிட்டதே, அசிங்கமாக இருக்காதா? இருக்காது. சேர்க்கும்போது எல்லாம் ஒன்றாக மடிக்கப்பட்டு ஒரே கமிட்டாகத்தான் உள்ளே போகும்.

திருத்தி முடித்ததும், கேட்டதைச் செய்துவிட்டேன், மறுபடி பாருங்கள் என்ற பொருளில் ஒரு குறிப்பிட்ட ஆங்கில வாக்கியத்தைக் கருத்தாக இட வேண்டும். அதைப் பெடிவீரே உங்களுக்குச் சொல்லியிருக்கும், சொல் மாறாமல் நகலெடுத்து ஒட்டுங்கள். அப்போதுதான் உங்கள் கோரிக்கையின் குறி மாறி, பார்ப்பவருக்கு அழைப்புப் போகும். உங்கள் நடையில் 'முடித்துவிட்டேன் சார்' என்று எழுதினால் தானியங்கிக்குப் புரியாது. சொன்னதைச் செய்யாவிட்டால் மென்மையான தலையணைகளால் குத்துவோம் என்று அது சில சமயம் மிரட்டும். கேலிதான்.

உங்கள் திருத்தம் எப்போது எல்லோர் கணினிக்கும் போகும்? புதிய வசதி என்றால் காத்திருக்க வேண்டும். 2020-இல் வந்த 3.9 முதல் ஆண்டுக்கு ஒரு புதிய பதிப்பு, அக்டோபரில் வருகிறது. வழக்கமாக மே மாதத்தில் பீட்டா தொடங்கும், அதன்பிறகு அந்த ஆண்டுப் பதிப்பில் புதிய வசதி சேராது. ஜூனில் சேர்ந்தது அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் வெளிவரும். பிழைத்திருத்தம் என்றால் விரைவு. இப்போது பராமரிப்பில் உள்ள பதிப்புகளுக்கும் அது தேவை என்று கோர் டெவலப்பர் குறியிட்டால், மிஸ் இஸ்லிங்டன் என்ற இன்னொரு தானியங்கி அவற்றுக்கான நகல் கோரிக்கைகளைத் தானே திறக்கும். பழைய பதிப்பில் நிரல் வேறு மாதிரி இருந்து மோதினால் மட்டும் கைமுறையாகச் செய்யச் சொல்லிக் கேட்பார்கள். பிழைத்திருத்த வெளியீடுகள் ஏறக்குறைய இரண்டு மாதத்துக்கு ஒன்று வரும்.

இன்னொரு விஷயம். 'மிஸ்க்' ஃபோல்டரில் 'அக்ஸ்' என்றொரு கோப்பு இருக்கிறது, பங்களித்தவர்களின் பெயர்ப் பட்டியல். கொஞ்சம் யோசித்துச் செய்த திருத்தம் என்றால் உங்கள் பெயரையும் அகரவரிசைப்படி அதில் சேர்க்கலாம். அதற்குத் தனிக் கோரிக்கை வேண்டாம், திருத்தம் அனுப்பும்போதே சேர்த்து அனுப்புங்கள். திருத்தம் சேர்ந்ததும், வேலை முடிந்த பிராஞ்ச்சை அழித்துவிட்டு, மெயினுக்குத் திரும்பி, அப்ஸ்ட்ரீமிலிருந்து புதியதை இழுத்து, மேக்கை ஒருமுறை ஓட்டி வையுங்கள். அடுத்த இஷ்யூவுக்குக் கணினி தயாராக இருக்கும்.